முடி வழுக்கிக்கொண்டு வர வேண்டும்

எலக்ட்ரோலிசிஸ் (மயிர்க்காலுக்குள் ஊசி விட்டு, கரண்ட் பாய்ச்சி வேரை அழிக்கும் முறை) செய்தும் மோவாயில் முடி அப்படியே திரும்ப வந்துவிட்டது என்று சொல்லி வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன். இடுக்கியால் எடுக்கும்போது சுருக்கென்று பிடுங்குகிற மாதிரி இருந்ததா? "ஆமாம் மேடம், ஒவ்வொரு முடிக்கும்" என்பார்கள் பலர். அப்படியென்றால் வேர் சாகவில்லை. கரண்ட் வைத்துப் பிளக்கிங், அதாவது வெறுமனே பிடுங்கும் வேலை, செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரியாகச் செய்த முடி இழுக்காமலே வழுக்கிக்கொண்டு வரும். அதற்கு மிஷினில் கரண்டை எவ்வளவு வைப்பது என்பதற்கு நிரந்தரமான எண் கிடையாது. காலையில் ஒருவருக்கு வைத்த செட்டிங்கிலேயே மதியம் வருகிறவருக்கும் வேலை பார்ப்பது பார்லர்களில் சாதாரணமாகிவிட்டது. குறைவாகத் தொடங்கி, முடி தானாக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் முறை. மேலுதட்டு முடிக்குப் போதுமானது தாடை முடிக்குப் போதாது.

எலக்ட்ரோலிசிஸில் ஒரு வகையான கால்வானிக் முறையில் இந்தக் கணக்கு தெளிவாகவே இருக்கிறது. மயிர்க்காலில் இருக்கும் உப்பும் நீரும் ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரத்தால் பிரிந்து காஸ்டிக் சோடா உருவாகிறது. அதுதான் வேரை அழிக்கிறது. 0.1 மில்லியாம்பியர் 1 வினாடி ஓடினால் 1 யூனிட் காஸ்டிக் சோடா. தடித்த முடிக்கு 60 யூனிட் என்று வைத்தால், 0.5 மில்லியாம்பியரில் 12 வினாடி. கரண்டைக் கூட்டினால் நேரம் குறையும், ஆனால் வலி கூடும். (1875-ல் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் உள்நோக்கி வளர்ந்த இமை முடிக்குச் செய்ததும் இதே முறைதான்.)

இன்னொரு வகையான தெர்மோலிசிஸில் வேரை அழிப்பது வெப்பம். ஊசி நுனியில் தொடங்கி மேலே ஏறும். தீவிரம் அதிகமானாலோ, ஊசி ஆழமாகப் போகாவிட்டாலோ அது தோலின் மேற்பரப்புக்கு வந்துவிடும்: துளையைச் சுற்றி வெள்ளையாகும், சில சமயம் 'டப்' என்று சத்தம் கேட்கும். உடனே நிறுத்த வேண்டும். நம் மாநிறத் தோலில் அந்த இடம் மாதக்கணக்கில் கருத்துக் கிடக்கும். நெருக்கமாக இருக்கும் முடிகளை ஒரே நாளில் எடுப்பதும் அதே மாதிரிக் கருமையில்தான் கொண்டுபோய் விடும். முடி ஒன்றும் ஓடிவிடாது, அடுத்த முறை எடுக்கலாம்.

நம் ஊரில் பெரிய சிக்கல் திரெட்டிங். வருடக்கணக்கில் நூலால் பிடுங்கியவர்களின் மயிர்க்கால் வளைந்திருக்கலாம். நேரான ஊசி வேரைத் தொடாதபோது வெப்பத்தை எவ்வளவு ஏற்றினாலும் சுடுவது பக்கத்துத் தோலைத்தான். அவர்களுக்கு நான் இரண்டும் சேர்ந்த பிளெண்ட் முறையைத்தான் எடுப்பேன். காஸ்டிக் சோடா திரவம் என்பதால் வளைவிலும் இறங்கும். ஊசியின் தடிமனும் முடியின் தடிமனோடு பொருந்த வேண்டும்.

வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஷேவ் செய்துவிடுங்கள், தயங்க வேண்டாம். அதற்குப் பிறகு தலைநீட்டுபவைதான் வளர்நிலையில் உள்ள முடிகள். கரண்ட் நன்றாகப் பிடிப்பதும் அவற்றில்தான். மற்றவை தூங்கிக்கொண்டிருப்பதால் ஒரே இடத்துக்குப் பல மாதம் வர வேண்டியிருக்கும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் மருத்துவரையும் பாருங்கள், இல்லையென்றால் புதிய முடி கிளம்பிக்கொண்டே இருக்கும். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் தாடை ஓரத்தில் நாலைந்து முடி மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லி, சுருக்கென்று இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.