அகழாய்வுப் படத்தில் விழாத மண்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம் இருக்கிறது பையம்பள்ளி. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது புதிய கற்கால மக்களின் குழிவீடுகள் வெளிப்பட்டன. கருகிய கொள்ளும் பாசிப்பயறும்கூடக் கிடைத்தன. கருகியதால்தான் அவை மட்காமல் தப்பின. அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லும் சான்று அது. ஆனால் படமெடுத்தால் வெறும் கரித்துகள்.

நாம் பார்க்கும் அகழாய்வுப் படங்கள் வேறு மாதிரி. நூல் பிடித்த சதுரக் குழி, செங்குத்தான மண்சுவர், அளவுகோல், வடக்கு காட்டும் அம்புக்குறி. இந்தச் சுத்தம் தானாக வருவதில்லை. கொத்தனார் கரண்டியால் சுவரைச் சீவுவார்கள். தரையைப் பெருக்கி, காலடித் தடத்தை அழித்து, பாண்டு, மண்வெட்டி, தண்ணீர்க்குடம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவார்கள். வெயில் ஏறினால் சுவரின் நிழல் பாதிக் குழியை மறைக்கும். அதனால் காலையிலேயே எடுத்துவிட வேண்டும்.

காய்ந்த மண் எல்லாம் ஒரே வெளுப்பு. லேசாகத் தண்ணீர் தெளித்தால்தான் சாம்பல் படிந்த அடுக்கு, செம்மண் தரை, பழைய குழியை நிரப்பிய கருமண் என்று நிறங்கள் பிரியும். வேலூர்ப் பக்கத்து வெயிலில் ஈரம் சீக்கிரம் இழுத்துவிடும். அதற்குள் எடுத்தாக வேண்டும்.

இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். அடுக்குகளின் எல்லை தெரிவதற்காகச் செய்வது. ஆனால் சில இடங்களில் எல்லையைக் கத்தியால் கீறிவிட்டுப் படமெடுப்பார்கள். அந்தக் கோடு மண்ணில் இருந்ததல்ல, தோண்டியவரின் முடிவு. கீறுவதற்கு முன்பும் ஒரு படம் எடுத்து வைப்பதே நேர்மை.

படத்துக்கு வெளியேதான் பெரும்பாடு. வெட்டிய மண்ணைச் சல்லடையில் சலிக்க வேண்டும், கருகிய விதை மிதந்து வர ஒரு பகுதியைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். பானை ஓடுகளைக் கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றிலும் எண் எழுத வேண்டும். தூக்குக்குண்டும் டேப்பும் வைத்துச் சுவரை வரைய, படமெடுப்பதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். கீழடுக்கைப் பார்க்க மேலடுக்கை வெட்டியாக வேண்டும். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. அதன்பின் வெட்டிய அந்தப் பகுதி குறிப்பேட்டிலும் வரைபடத்திலும், கிடைத்த பொருளைப் போட்டு வைத்த பையின் சீட்டிலும் மட்டுமே இருக்கும். சீட்டு தொலைந்தால், எவ்வளவு அழகாகப் படமெடுத்த ஓடாக இருந்தாலும் எந்த அடுக்கில் கிடந்தது என்று சொல்ல வழியில்லை.

அடுத்த முறை இப்படியொரு படம் கண்ணில் பட்டால், குழிகளுக்கு நடுவே தோண்டாமல் விட்ட மண்வரப்பைப் பாருங்கள். குழியில் வெட்டிய அடுக்குகளின் தொடர்ச்சி அதில் அப்படியே நிற்கும். அதை விட்டுவைத்திருக்கும்வரை, இன்று எழுதியது சரியா என்று இன்னொருவர் வந்து மண்ணிலேயே பார்த்துக்கொள்ளலாம்.