சோற்றில் கல் கடிபட்டால் தாடை ஏன் சட்டென்று நிற்கிறது?

பேச்சு சுவாரசியத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். நறுக்கென்று ஒரு கல். 'ஐயோ, கல்' என்று மனசுக்கு உறைக்கும் முன்பே தாடை கடிப்பதை விட்டுவிடுகிறது. கொஞ்ச நேரம் முன்புதான் அதே தாடை சீடையைப் பொடிப்பொடியாக்கியது.

கடிப்பதும் விடுவதும் ஒரே நரம்பின் பொறுப்பு. மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் ஐந்தாவது அது, பெயர் முப்பெருநரம்பு. அதன் மூன்று கிளைகளில் நெற்றிக்கும் மேல்தாடைக்கும் போகிற இரண்டும் தொடுகை, வலி, சூடு ஆகிய சேதிகளைக் கொண்டுவருவதோடு சரி. கீழ்த்தாடைக் கிளை மட்டும் தசைகளுக்கு உத்தரவும் எடுத்துப் போகிறது. மண்டையோட்டின் அடியில் முட்டை வடிவத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் வழியே இறங்கியதுமே மெல்லும் தசைகளுக்கான இழைகள் பிரிந்துவிடுகின்றன.

அந்தத் தசைகள் பக்கத்துக்கு நான்கு. இரண்டைத் தொட்டே பார்க்கலாம். கண்ணுக்குப் பக்கவாட்டில், நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள். விரலடியில் புடைப்பது டெம்போராலிஸ். காதுக்குக் கீழே, தாடை முனையில் கட்டியாகத் திரள்வது மாசெட்டர். மற்ற இரண்டும் உள்ளே ஒளிந்திருக்கும் டெரிகாய்டு தசைகள். அவற்றில் வெளிப்பக்கத்தது ஒரு விதிவிலக்கு: மற்ற மூன்றும் வாயை மூட, இது தாடையை முன்னால் இழுத்துத் திறக்க உதவுகிறது. ஒரு பக்க நரம்பு செயலிழந்தால், வாயைத் திறக்கும்போது தாடை அந்தப் பக்கமாகவே கோணிக்கொள்ளும். நல்ல பக்கத்து டெரிகாய்டு அப்படித் தள்ளிவிடுகிறது.

சரி, கல்லுக்கு வருவோம். பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. நடுவே ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட வராத நார்ப்படலம் ஒன்று உண்டு. அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. கல் பட்டதும் அவை அனுப்பும் சேதி மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டுக்குப் போய், கடிக்கும் தசைகளின் உத்தரவை அங்கேயே நிறுத்துகிறது. மொத்தமும் நொடியில் நூறில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும். யோசிக்கிற மேல்மூளைக்குத் தகவல் அப்புறம்தான். இதில் ஒரு விசித்திரம்: உணர்வு நரம்புகளின் செல் உடல்கள், அதாவது நரம்புச் செல்லின் மையப்பகுதிகள், வழக்கமாக மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே முடிச்சுகளாகத்தான் இருக்கும். கடிக்கும் தசைகளின் இழுவையை அளக்கும் நரம்புகளுக்கும், பல்லிலிருந்து வருகிற சிலவற்றுக்கும் மட்டும் அவை மூளைத்தண்டுக்கு உள்ளேயே குடியிருக்கின்றன.

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போடும் மரப்பு ஊசியை நினைத்துப் பாருங்கள். கீழுதட்டில் பாதியும் அந்தப் பக்கக் கீழ்ப் பற்களும் மரத்துப்போகும். ஆனால் தாடை நன்றாக அசையும். ஊசி மருந்து நிற்கும் இடம், தசை இழைகள் பிரிந்த இடத்துக்குக் கீழே. ஆக, கடிக்கிற பலம் அப்படியே இருக்கிறது, கீழ்ப் பல்லும் உதடும் தரும் எச்சரிக்கை மட்டும் இல்லை. மரப்பு போகும்வரை சாப்பிடாதீர்கள் என்று பல் மருத்துவர் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். சொல்பேச்சுக் கேட்காமல் வடையை மென்ற குழந்தைகள் மாலையில் கண்ணாடி முன் நின்று, வீங்கிய உதட்டைப் பார்த்து அழுவார்கள்.