பெர்கஷன் என்பது தோற்கருவி அன்று

ஓசூரில் அண்மையில் நடந்த புல்லாங்குழல், பெர்கஷன் நிகழ்ச்சி ஒன்றின் துண்டறிக்கையில் 'புல்லாங்குழலும் தோற்கருவிகளும் இணையும் அறை இசை' என்று அச்சிட்டிருந்தார்கள். அடித்தும் தட்டியும் குலுக்கியும் ஒலிக்கும் கருவிகளுக்கு ஆங்கிலத்தில் பொதுப்பெயரான பெர்கஷன் என்பதைத் தோற்கருவி என்று எழுதுவதை எத்தனையோ முறை பார்த்துப் பொறுத்திருக்கிறேன். அன்று மேடையைக் கண்ட பிறகு பொறுக்க முடியவில்லை. ரோஸ்வுட் கட்டைகளை வரிசையாக அடுக்கிய மரிம்பா, அலுமினியக் கலவைப் பட்டைகள் கொண்ட வைப்ரஃபோன், சேகண்டியை ஒத்த பெரிய வெண்கலத் தட்டு, முக்கோணக் கம்பி என்று நிறைந்திருந்த அந்த மேடையில் தோல் போர்த்த கருவி ஒன்றுகூட இல்லை. என் பக்கத்தில் காவேரிப்பட்டணத்துப் பம்பைக் கலைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். துண்டறிக்கையையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தவர், "தோலே காணோமே, சார்?" என்று மெல்லக் கேட்டார்.

பெர்கஷன் என்பதன் மூலம் 'பெர்குட்டேரே' என்னும் லத்தீன் வினை. அடித்தல், மோதுதல் என்று பொருள். அதற்குள் இருக்கும் 'குவாட்டேரே' என்பதற்கு உலுக்குதல் என்று பொருள். மருத்துவர் நெஞ்சின்மேல் விரலை வைத்துத் தட்டிப் பார்ப்பதற்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். ஆக, இது செயலைக் குறிக்கும் சொல். அடிபடும் பொருள் எதுவென்று அது சொல்வதே இல்லை.

தோற்கருவி என்பது அருமையான பழஞ்சொல். அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தோல், துளை, நரம்பு, கஞ்சம் (வெண்கலம்) என்று நம் முன்னோர் கருவிகளைப் பகுத்தபோது, தோல், நரம்பு, கஞ்சம் ஆகியவற்றில் ஒலி எந்தப் பொருளில் பிறக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டார்கள். பெர்கஷனின் அளவுகோல் ஒலியை எழுப்பும் செயல். ஓர் அளவுகோலின் சொல்லை எடுத்து மற்றொன்றின் மேல் ஒட்டினால் பொருள் சிதையாமல் என்ன செய்யும்? இதை உணர மரிம்பா வரை போக வேண்டியதில்லை. கருநாடக இசை மேடையில் மிருதங்கத்துக்கு அருகிலேயே இருக்கும் கடம் சுட்ட மண், மோர்சிங் இரும்பு, ஜாலரா வெண்கலம். காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளையில் பம்பையோடு சேர்ந்து ஒலிக்கும் கைச்சிலம்பிலும் தோல் கிடையாது. இவற்றையெல்லாம் நாள்தோறும் கேட்டு வளர்ந்தவர்களே, ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் அகராதியின் முதல் பொருளை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளருக்குக் காதும் வேண்டும்.

தாளக்கருவி என்பவர்கள் இன்னும் மிகுதி. அவர்கள் தவறு இன்னும் நுட்பமானது. தாளம் வைப்பது இக்கருவிகளின் வேலைகளுள் ஒன்று, அவ்வளவே. வைப்ரஃபோன் மெட்டே வாசிக்கும். அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசன் 1939ஆம் ஆண்டில் புல்லாங்குழலுக்கும் பெர்கஷனுக்கும் எழுதிய கான்செர்ட்டோவிலும், நான்கு பெர்கஷன் கலைஞர்களைப் புல்லாங்குழலோடு சேர்த்து பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆந்த்ரே ஜொலிவே 1965இல் எழுதிய படைப்பிலும் இவை பக்கத்தில் இருந்து தாளம் போடுபவை அல்ல. குழலோடு சரிநிகராக உரையாடுபவை. பிரான்சில் பிறந்த இசையமைப்பாளர் எட்கார் வரேஸ் 1936இல் தனிப் புல்லாங்குழலுக்கு எழுதிய 'டென்சிட்டி 21.5' என்னும் படைப்பில், மேலைநாட்டுக் குழலில் துளைகளை மூடும் சாவிகளையே 'டக் டக்' என்று தட்டி ஒலியெழுப்பச் சொல்லும் இடம் உண்டு. அவ்விடத்தில் துளைக்கருவி ஒன்று பெர்கஷன் ஆகிவிடுகிறது. தோற்கருவி என்னும் சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

நான் எழுதும் சொல் கொட்டுக்கருவி. மேளம் கொட்டுகிறோம், கும்மி கொட்டுகிறோம், கைகொட்டிச் சிரிக்கிறோம். தோலும் மரமும் உலோகமும் வெறும் உள்ளங்கையும் இந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதற்கு விளக்கம் தேவைப்படும் ஆள் யாரும் இல்லை. தட்டுக்கருவி என்பாரும் உண்டு. படிப்பவருக்குச் சாப்பாட்டுத் தட்டு நினைவுக்கு வரும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை. ('சேம்பர் மியூசிக்' என்னும் சிறு குழு இசைக்கு வைத்த 'அறை இசை' என்பதிலும் இதே இடர்தான்: பறை அறைவதை அறிந்த தமிழர், கொட்டுக்கருவி நிகழ்ச்சியின் துண்டறிக்கையில் 'அறை' என்று கண்டால் அதை வீட்டு அறை என்று எப்படிக் கொள்வார்?)

கொட்டுக்கருவி என்பதிலும் ஓர் இடறல் உண்டு. கைச்சிலம்பை யாரும் கொட்டுவதில்லை; குலுக்குகிறார்கள். மரக்காஸும் அப்படியே. லத்தீன் மூலத்திலேயே உலுக்குதல் ஒளிந்திருப்பதால் அவை பெர்கஷனில் சேர்வதில் சிக்கல் இல்லை, தமிழில் என்ன செய்வது என்று நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது பம்பைக் கலைஞரிடமே கேட்டேன். அவர் வெறுங்கையைச் சிலம்பு பிடித்ததுபோல் மடக்கி, ஒருமுறை குலுக்கிக் காட்டினார்.

"உள்ளே இருக்கிற பரல் கொட்டுது, சார்" என்றார்.