எல் நினோ வந்தால் படுவான்கரையில் மழை பொய்க்குமா?

மாரி நெல்லான பெரும்போகத்துக்கு ஆரம்பக் கூட்டத் திகதி வைத்துவிட்டால் ஊரில் வாய் திறந்தால் மழைக் கதைதான். அப்படி ஒரு புரட்டாதியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், உன்னிச்சைப் பக்கம் வயல் செய்யும் என் பெரியப்பா டிவியில் இந்தியச் செய்தி பார்த்துவிட்டு முகம் வாடி வந்தார். "எல் நினோ எண்டு ஒண்டு வந்திருக்காம் மகன். இந்த மாரிக்கு மழை இல்லையாமே?"

செய்தியில் பொய் இல்லை. ஆனால் அது எங்களுக்கான செய்தி இல்லை. அவர்கள் சொன்னது ஜூனில் தொடங்கும் தென்மேல் பருவமழையைப் பற்றி. அந்த மாதங்களில் மட்டக்களப்பில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும், வயல் வெடித்துக் கிடக்கும். எங்கள் மழை வேறு. மட்டக்களப்பில் வருடத்துக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி என்ற மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அந்த மழையிடம் எல் நினோ நடந்துகொள்ளும் விதமே வேறு.

அதற்குப் போகும் முன் ஒரு நியாயமான கேள்வி. நாளை மறுநாள் மழையையே சரியாகச் சொல்லாதவர்கள் மூன்று மாதத்துக்கு அப்பால் எப்படிச் சொல்கிறார்கள்? காற்றின் கணக்கில் சின்னதாக ஒரு பிழை இருந்தாலும் அது நாளுக்கு நாள் பெருகிவிடும் என்று வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் 1963இலேயே காட்டிவிட்டார். குறிப்பிட்ட ஒரு நாளின் வானிலையைச் சொல்ல ஏறத்தாழ இரண்டு வாரம்தான் எல்லை. ஆனால் பருவகால முன்னறிவிப்பு நாளைக் கேட்பதில்லை, பருவத்தைக் கேட்கிறது. வாவியில் அடுத்த அலை எந்தத் தோணியை ஆட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முகத்துவாரம் மூடிக் கிடக்கிறது, மேலே குளங்கள் நிரம்பி வான் பாய்கின்றன என்றால், எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

வளிமண்டலத்துக்கு அந்த வாவிபோல இருப்பது கடல். காற்று நேற்றைய சூட்டை இன்றைக்கே மறந்துவிடும். கடல் மாதக்கணக்கில் வைத்திருக்கும். கடலின் மேல் 3 மீற்றர் தண்ணீர் மட்டுமே, அதற்கு மேலே உள்ள மொத்தக் காற்றும் சேர்த்து வைக்கக்கூடிய அளவு வெப்பத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஆகவே செப்டெம்பரில் கடல் எங்கே சூடு, எங்கே குளிர் என்று தெரிந்தால், டிசம்பரில் மேகம் எந்தப் பக்கம் கூடும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

இந்தத் தொடர்பை முதலில் முகர்ந்து பிடித்தவர் கில்பர்ட் வாக்கர். 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கணிதக்காரர். (பூமராங் எறிவதில் பைத்தியம் என்பதால் கேம்பிரிட்ஜில் அவருக்குப் 'பூமராங் வாக்கர்' என்றே பட்டப்பெயர்.) உலகம் முழுவதிலிருந்தும் வந்த அமுக்க அளவுகளை ஒப்பிட்டபோது, பசிபிக்கில் அமுக்கம் ஏறினால் இந்து சமுத்திரப் பக்கம் இறங்குவதையும், இங்கே ஏறினால் அங்கே இறங்குவதையும் கண்டார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அது கடலில் இருக்கிறது என்று 1969இல் விளக்கியவர் வானிலை விஞ்ஞானி யாக்கோப் பியர்க்னஸ்.

வழமையான ஆண்டில் பசிபிக்கில் கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று, சூடான மேல்நீரை இந்தோனேசியாப் பக்கம் தள்ளிக் குவிக்கும். அந்தச் சூட்டில் காற்று மேலெழுந்து மேகமாகும். காற்று தளர்ந்தால் சூடான நீர் பெரு நாட்டுப் பக்கம் திரும்பி நகரும். மழை மேகமும் கூடவே போகும். அதுதான் எல் நினோ. வியாபாரக் காற்று வழமையை விட வலுத்தால் லா நினா. நடுப் பசிபிக்கின் வெப்பம் சராசரியிலிருந்து வெறும் 0.5 பாகை செல்சியஸ் விலகினாலே கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சரி, படுவான்கரைக்கு வருவோம். எல் நினோவில் இந்தோனேசியாவுக்கு மேல் காற்று கீழிறங்குகிறது. அங்கே எழ முடியாத ஈரம், கிழக்கிலிருந்து வீசும் காற்றோடு இந்து சமுத்திரத்தின் நடுவுக்கும் மேற்குக்கும் வருகிறது. ஆகவே ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கையில் மழை கூடும் வாய்ப்பே அதிகம். ஜனவரி பிறந்ததும் கதை தலைகீழ். மழைப் பட்டி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இறங்கிவிட, கீழிறங்கும் காற்றின் பிடி எங்கள் பக்கமும் நீள்கிறது. எல் நினோவை அடுத்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சிப் பக்கம் சாயும். லா நினாவில் இரண்டு பாதியும் மாறிப்போகும்: மாரியின் முன்பாதி மெலியும், பின்பாதி கொட்டும்.

இந்தப் பின்பாதி எவ்வளவு பொல்லாதது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010இல் வலுவான லா நினா. 2011 ஜனவரியில், தைப்பொங்கலை ஒட்டி, மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் மூழ்கின. பாதிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பெப்ரவரியில் இன்னொரு வெள்ளம். வயலில் நின்றது அறுவடைக்கு நெருங்கிய கதிர். விதைத்த கையோடு வரும் வெள்ளமென்றால் மறுபடி விதைக்கலாம். கதிரை என்ன செய்வது?

பசிபிக் மட்டும் போதாது. எங்கள் சமுத்திரத்துக்கே சொந்தமாக ஒரு ஊஞ்சல் இருக்கிறது. ஆபிரிக்காப் பக்கம் கடல் சூடேறி, சுமாத்திராப் பக்கம் குளிர்ந்தால் அதை நேர் இருமுனை என்கிறார்கள். 1999இல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அப்படியான ஆண்டுகளிலும் மாரியின் முன்பாதி நனையும். 2019இல் பசிபிக்கில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் இருமுனை மிக வலுவாக இருந்தது. அந்த ஆண்டு கடைசியில் இலங்கையில் மழை வெளுத்து வாங்கியது.

இவற்றுக்கு நடுவே ஒரு நாடோடியும் உண்டு. மேடன், ஜூலியன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1971இல் கண்டுபிடித்த மேகக் கூட்டம் அது. பூமத்திய ரேகையை ஒட்டி, இந்து சமுத்திரத்திலிருந்து கிழக்கே மெல்லப் போகும். வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 5 மீற்றர், அதாவது கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கிற வேகம். 30 முதல் 60 நாளுக்கு ஒரு சுற்று. அது இந்து சமுத்திரத்தில் நிற்கும் வாரங்களில் தாழமுக்கங்கள் பிறக்க வசதி. பருவகாலக் கணக்கு சொல்லாததை, இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பாக இது கொஞ்சம் சொல்லும்.

லண்டனில் இருக்கும் மச்சான் கேட்டால் அவருக்குக் கதை வேறு. அங்கே குளிர்காலத்தைத் தீர்மானிப்பது ஐஸ்லாந்துத் தாழமுக்கத்துக்கும் அசோர்ஸ் உயரமுக்கத்துக்கும் இடையிலான இழுபறியும், வடதுருவத்துக்கு மேலே சுழலும் குளிர்க்காற்றும்தான். மாதங்களுக்கு முன்பே அதைப் பிடிப்பது கஷ்டம். வெப்பமண்டலத்தில் கடல் சொல்வதைக் காற்று கேட்கிறது, அதனால் இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் அவர்களை விடக் கொடுத்துவைத்தவர்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் பருவகால முன்னறிவிப்பை வாசிக்கவும் ஒரு முறை இருக்கிறது. வழமையை விடக் கூட, வழமை, குறைவு என்று மூன்று பங்கு. எதுவும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றும் 33 வீதம். கணினியில் தொடக்க நிலையைத் துளித் துளி மாற்றிப் பல தடவை ஓட்டிப் பார்த்து, எந்தப் பங்கில் அதிகம் விழுகிறது என்று எண்ணுகிறார்கள். 'கூடப் பெய்ய 45 வீதம்' என்றால், அப்படியான பத்து மாரியில் நாலைந்துதான் அப்படி இருக்கும். மற்ற ஐந்தாறு வேறு விதம். அதைக் கேட்டு வயலைப் போடாமல் விடக்கூடாது. மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா, புழுதியிலேயே முந்தி விதைப்பதா என்பதற்கு அது உதவும். சூறாவளியைப் பற்றி மூச்சே விடாது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளி வந்தபோது, பசிபிக்கில் எல் நினோவும் இல்லை, லா நினாவும் இல்லை.

இதையெல்லாம் சுருக்கிப் பெரியப்பாவிடம் சொன்னேன். முன்மழை கூடலாம், முந்தி விதைத்தால் முளை தாழாது, தைக்குப் பிறகு தண்ணீரைக் குளத்தில் பிடித்து வைப்பது நல்லது என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்.

"அது சரி மகன். எத்தினையாம் திகதி விதைக்கிற?"

"அதை வயலுக்குப் பொறுப்பான வட்டவிதானையாரிட்டக் கேளுங்க பெரியப்பா."