லோகோவைத் தின்ற & குறி

ஒரு ஜவுளிக்கடைக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். கடைப் பெயர் ‘& சன்ஸ்’ என்று முடியும். லோகோ, படத்தை எழுத்து வரிகளால் விவரிக்கும் எஸ்விஜி கோப்பாக வந்திருந்தது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் படிக்கட்டுமே என்று கோப்பைத் திறந்து, டைட்டில் டேக் ஒன்று போட்டுக் கடைப் பெயரை நானே தட்டினேன். அந்த எஸ்விஜி வரிகளை அப்படியே பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள் ஒட்டியிருந்ததால் லோகோ பளிச்சென்று தெரிந்தது. அப்புறம், ஒரே வரிகள் எல்லாப் பக்கத்திலும் எதற்கு என்று அவற்றைத் தனிக் கோப்பாக்கி, இமேஜ் டேகில் கொடுத்து, ராத்திரியோடு ராத்திரியாக லைவில் ஏற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் கடைக்காரரிடமிருந்து போன்: “தம்பி, லோகோவைக் காணோமே?”

தின்றது அந்த & குறிதான். எஸ்விஜி என்பது படம் போலத் தெரிந்தாலும் உள்ளே எக்ஸ்எம்எல், அதாவது கண்டிப்பான இலக்கணம் கொண்ட டேக் மொழி. அங்கே & வந்தால், ஏதோ ஒரு குறியீடு தொடங்குகிறது என்று பொருள். வெறும் & வேண்டுமென்றால், அதையடுத்து ஏ, எம், பி என்ற மூன்று எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்க்க வேண்டும். பிரவுசரில் எச்டிஎம்எல்லைப் படிக்கும் பார்சர் இதையெல்லாம் பொறுத்துப்போகும். எக்ஸ்எம்எல் பார்சர் முதல் பிழையிலேயே கையை விரித்துவிடும். இமேஜ் டேகில் என்றால் ஏன் என்றுகூடச் சொல்லாது. (இமேஜ் டேகுக்கு மாறிய பிறகு அந்த டைட்டிலால் பயனே இல்லை, ஆல்ட் என்ற மாற்று உரைதான் கொடுக்க வேண்டும் என்பது வேறு கதை.)

‘இது எஸ்விஜி’ என்று அறிவிக்கும் நேம்ஸ்பேஸ் வரி விடுபட்டாலும் இதே கதிதான். படத்தின் எல்லையைச் சொல்லும் வியூபாக்ஸில் இருக்கும் கேபிட்டல் ‘பி’யை சின்ன எழுத்தில் அடித்துவிட்டால், எச்டிஎம்எல்லுக்குள் இருக்கும்வரை பிரவுசரே திருத்திக்கொள்ளும். தனிக் கோப்பில் கண்டுகொள்ளாது. அதனால், எஸ்விஜி கோப்பை முதலில் தனியாக ஒரு டேபில் திறந்து பாருங்கள். எக்ஸ்எம்எல் பிழை இருந்தால் எந்த வரி என்று பிரவுசரே சொல்லும். நிறைய கோப்புகள் என்றால் எக்ஸ்எம்எல்லின்ட் கட்டளையை ‘நோஅவுட்’ ஆப்ஷனோடு ஓட்டலாம். அது வாயைத் திறக்காவிட்டால் எக்ஸ்எம்எல் இலக்கணம் சரி.

ஆனால் இலக்கணம் சரியாக இருப்பதாலேயே படமும் சரி என்று ஆகிவிடாது. எஸ்விஜிஓ என்ற கருவியைப் போட்டுக் கோப்பைச் சுருக்கும்போது அது படத்தின் பாகங்களுக்கு வைத்த ஐடி பெயர்களை ஏ, பி என்று ஓரெழுத்தாக்கிவிடும். இப்படிச் சுருக்கிய இரண்டு ஐகான்களை ஒரே பக்கத்தில் ஒட்டினால் இரண்டிலுமே ‘ஏ’ என்ற கிரேடியன்ட் (நிறக்கலவை) இருக்கும். பச்சையாக வர வேண்டிய இரண்டாவது ஐகான் முதலாவதின் சிவப்பை வாங்கிக்கொள்ளும். தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் பாஸ். முழுப் பக்கத்தையும் பிழை தேடும் டபிள்யூ3சி வேலிடேட்டரில் கொடுத்தால்தான் ஒரே ஐடி இரண்டு முறை வந்திருப்பது பிடிபடும். எஸ்விஜிஓவின் பழைய பதிப்புகள் வியூபாக்ஸையும் தூக்கிவிடும். அப்புறம் மொபைலில் படம் சுருங்காது, வெட்டுப்படும்.

தமிழ் எழுத்து உள்ள படம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இமேஜ் டேகில் வரும் எஸ்விஜி வெளியிலிருந்து ஃபான்ட்டை இழுக்காது. உங்கள் கணினியில் அந்த ஃபான்ட் இருப்பதால் உங்களுக்கு அழகாகத் தெரியும். மற்றவர்களுக்கு வேறு ஃபான்ட்டில் வரும். எழுத்தை ‘பாத்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுவது எளிய வழி. மாற்றிய பிறகு ‘கொ’, ‘செ’ போன்ற எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். மென்பொருளுக்குத் தமிழ் சரியாக வராவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதை எந்த வேலிடேட்டரும் சொல்லாது, கண்தான் பார்க்க வேண்டும்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த கோப்பை நோட்பேடில் ஒருமுறை திறந்து பாருங்கள். படத்தை எந்த ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்தீர்கள் என்ற முழு முகவரியும், அதில் உங்கள் கணினியின் யூசர் பெயரும் சில சமயம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ‘பிளெயின் எஸ்விஜி’ என்று சேமித்தால் இங்க்ஸ்கேப் சேர்த்த இந்தக் குப்பை போய்விடும். அடுத்தவர் கொடுத்த கோப்பு என்றால் நிரலை ஓட்டும் ஸ்கிரிப்ட் டேக் இருக்கிறதா என்றும் தேடுங்கள். இமேஜ் டேகில் அது ஓடாது. அதே கோப்பை யாராவது நேராகத் திறந்தால் ஓடும், அதுவும் உங்கள் சைட்டின் பெயரிலேயே.