கல்லுக்குள் சிப்பி தெரிந்தால் கழற்றி எடுக்காதீர்கள்

புவிச்சரிதவியல் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் திருகோணமலையில் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "இந்தக் கல்லுக்கு எத்தனை வயசு இருக்கும்?" ஆசிரியர்கள் கேட்கிறார்கள், நிலாவெளியில் சுழியோடுகிற பொடியன்கள் கேட்கிறார்கள். பெரும்பாலும் கையில் ஒரு வெள்ளைக் கல், அதில் ஒட்டிய சிப்பி. சிலர் பதிலையும் கூடவே கொண்டு வருவார்கள்: கோடி வருஷத்துக் கல், குமரிக்கண்டத்தின் சான்று என்று. இந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கல்லை உடைத்து எடுத்த அந்தக் கணத்திலேயே வயதைச் சொல்லக்கூடிய தகவலில் பாதி போய்விடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நம் ஊர்க் கற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோணேசர் கோயில் நிற்கும் பாறையில் உயிர்ச்சுவடு தேடிப் பயனில்லை. அது பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. அந்த உருமாற்றம் நடந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மாத்தளை, கண்டிப் பக்கத்துப் பளிங்குச் சுண்ணாம்புக்கல்லும் அப்படித்தான். முழுவதும் புதிதாகப் படிகமாகிவிட்ட கல்லில் பழைய உயிர்களின் தடயம் எஞ்சுவதில்லை.

கடற்கரையில் பொறுக்குவது வேறு கதை. அது பெரும்பாலும் முருகைக்கல் துண்டு, அல்லது மணலும் சிப்பியும் சுண்ணாம்பால் ஒட்டி இறுகிய கடற்கரைப் பாறை. இரண்டும் புவிச்சரிதக் கணக்கில் நேற்றுப் பிறந்தவை. போத்தல் ஓடு பதிந்த கடற்கரைப் பாறையைக்கூட உலகின் பல கரைகளில் கண்டிருக்கிறார்கள். கல் இறுக்கமாக இருப்பதால் மட்டும் அது பழையது ஆகிவிடாது. (நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலை தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டு முருகைக்கல் எடுப்பதும் சட்டப்படி குற்றம்.)

உயிர்ச்சுவடு நிறைந்த பழைய சுண்ணாம்புக்கல் வேண்டுமென்றால் புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை போகும் படிவுக்குத்தான் போக வேண்டும். அது மயோசீன் காலத்துக்குரியது. அந்தக் காலம் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. சரி, இது எப்படித் தெரியும்?

கல்லில் வயது எழுதியிருப்பதில்லை, வரிசை இருக்கிறது. இங்கிலாந்தில் கால்வாய் வெட்ட நில அளவை செய்த வில்லியம் சிமித், ஒரே வகை உயிர்ச்சுவடுகள் ஊருக்கு ஊர் அதே ஒழுங்கில் கீழிருந்து மேலே வருவதைக் கவனித்தார். அதை வைத்தே 1815இல் நாட்டின் புவிச்சரிதப் படத்தை வெளியிட்டார். ஓர் இனம் ஒருமுறை தோன்றும், ஒருமுறை அழியும், மறுபடி வராது. அரியலூர்ப் படிவில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர் கிடைத்தால், அந்த அடுக்கு ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம் வர முடியாது. அம்மோனைட்டுகள் அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டன.

எல்லா உயிர்ச்சுவடும் இப்படி உதவாது. வயது சொல்ல, அந்த இனம் குறுகிய காலமே வாழ்ந்திருக்க வேண்டும், பரந்த கடலில் பரவியிருக்க வேண்டும், நிறையக் கிடைக்க வேண்டும், வேறொன்றோடு குழம்பக் கூடாது. எல்லோரும் ஆசையாகக் கொண்டுவரும் பெரிய சிப்பியும் சங்கும் இந்தப் பரீட்சையில் பெரும்பாலும் தேறுவதில்லை. சிப்பிக் குடும்பங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அதிகம் மாறாமல் வாழ்பவை. நமக்கு வேண்டியது சிப்பியைச் சுற்றியிருக்கும் சாதாரணக் கல். அதற்குள்தான் பொராமினிபெரா இருக்கும். ஒற்றைக் கல உயிர், ஆனால் சுண்ணாம்பு ஓடு கட்டும். கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் ஓட்டின் அறைகள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லில் டபெரினா மலபாரிகா என்ற ஒன்று இருக்கிறது. சில மில்லிமீற்றர் அகலத் தட்டு, அவ்வளவுதான். இதே இனத்தைக் கேரளக் கரையிலிருந்து 1853இல் கார்ட்டர் என்ற ஆய்வாளர் விவரித்தார். கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் இது உண்டு. மயோசீனின் முற்பகுதியில், சுமார் 2 கோடி முதல் 1 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் வரையான பர்டிகாலியன் கட்டத்துக்கு இது அடையாளம். ஒரே தட்டைக் கொல்லத்திலும் யாழ்ப்பாணத்திலும் பார்க்கும்போது, இரண்டு இடத்திலும் ஒரே காலத்தில் வெயில் புகும் ஆழமற்ற வெதுவெதுப்பான கடல் இருந்தது புரிகிறது. இதைவிடப் பெரிய சான்று எதற்கு?

ஆனால் ஓர் உயிர்ச்சுவடு தான் வாழ்ந்த அடுக்கில்தான் கிடக்கிறது என்று உறுதியாக நம்ப முடியாது. 2004 சுனாமியை நினைத்துப் பாருங்கள். கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் அலை கடலடி மணலையும் எப்போதோ செத்த முருகைத் துண்டுகளையும் ஊருக்குள் கொண்டுவந்து போட்டது. அந்த மணல் படிந்தது 2004இல். அதிலுள்ள முருகை அதைவிட மிகப் பழையதாக இருக்கலாம். பழைய அடுக்கு அரிக்கப்பட்டு, அதன் ஓடுகள் புதிய அடுக்கில் போய்ச் சேர்வது இப்படித்தான். ஆகவே ஓட்டின் விளிம்பு தேய்ந்திருக்கிறதா, உள்ளே நிறைந்த மண் வெளி மண்ணோடு பொருந்துகிறதா, கூட இருக்கும் மற்ற இனங்களும் அதே காலத்தவையா என்று பார்ப்போம். ஒரே ஒரு ஓட்டை நம்பி வயது சொல்லக் கூடாது.

குழாய்க்கிணறு அடிக்கும்போது சிக்கல் தலைகீழாக வரும். மெஷின் கீழே போகப் போக, மேல் அடுக்கின் துகள்கள் சுவரிலிருந்து உதிர்ந்து ஆழத்து மாதிரியோடு கலந்துவிடும். 40 மீற்றரில் எடுத்த தூளில் 10 மீற்றர் ஓடும் இருக்கும். அதனால் கிணற்று மாதிரிகளில் ஓர் இனம் மேலிருந்து இறங்கும்போது முதன்முதலில் எந்த ஆழத்தில் தலைகாட்டுகிறது என்பதைத்தான் நம்புவோம். அதுவே அந்த இனம் அழிந்த மட்டத்தைக் காட்டும். எவ்வளவு ஆழம்வரை தொடர்கிறது என்பதை நம்புவதில்லை. தூளை ஆழம் எழுதாமல் குவித்துவைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் போச்சு.

அப்புறம், கார்பன் பரிசோதனை. "கார்பன் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று அடிக்கடி கேட்கிறார்கள். கார்பன் 14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்குப் பிறகு அளக்க மிச்சம் இருக்காது. மயோசீன் சிப்பியை அனுப்பினாலும் ஆய்வுகூடம் 40,000 என்பதுபோல ஓர் எண்ணைத் தந்துவிடலாம். மழைநீர் வழியாகப் புகுந்த சிறிது புதிய கார்பன் போதும் அதற்கு. அந்த எண்ணைச் செய்தியாக்குவது மக்களை ஏமாற்றுவதாகும். இந்த வயதுக் கல்லுக்கு உதவுவது ஸ்ட்ரோன்சியம் என்ற தனிமம். கடல்நீரில் அதன் இரு ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகளின்) விகிதம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது. ஓடு கட்டும் உயிர் தன் காலத்து விகிதத்தை அப்படியே ஓட்டில் வைத்துவிடும். மயோசீனின் முற்பகுதியில் அந்த விகிதம் வேகமாக ஏறியதால் வயதை நன்றாகவே நெருங்கலாம். நிபந்தனை ஒன்று: ஓடு பிறகு கரைந்து மறுபடி படிகமாகியிருக்கக் கூடாது.

ஆகவே மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ கிணறு வெட்டும் இடத்தில், கற்குழியில், வீட்டு அத்திவாரத்தில் சிப்பி பதிந்த அடுக்கு தெரிந்தால், முதலில் தொடாமல் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனையை வையுங்கள், அளவு தெரியும். தூரத்திலிருந்து ஒரு படம், அதில் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் விழ வேண்டும். இடத்தையும் நில மட்டத்திலிருந்து ஆழத்தையும் எழுதுங்கள். ஏற்கெனவே உடைந்து கிடக்கும் துண்டென்றால், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று தெரிந்தால் மாக்கரால் அம்புக்குறி போடுங்கள். வினாகிரியோ அமிலமோ ஊற்றிக் கழுவாதீர்கள், நமக்கு வேண்டிய ஓடுதான் முதலில் கரையும். பிறகு பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்கோ புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கோ அறிவியுங்கள். குழாய்க்கிணறு அடிக்கும் ஆட்களிடம் ஒவ்வொரு 3 மீற்றருக்கும் ஒரு பிடி தூளைத் தனிப் பையில் போட்டு, ஆழத்தை எழுதித் தரச் சொன்னால் செய்து தருவார்கள். கிணறு முடிந்துபோன பிறகு அந்தத் தூளை வேறெங்கும் வாங்க முடியாது.