காற்று ஒரு பக்கம், அடித்தண்ணீர் மறுபக்கம்

சென்னை ஏரிகளில் ஆகாயத் தாமரை ஒரே இடத்தில் கிடப்பதில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் கவனித்துப் பாருங்கள். காலையில் மேற்குக் காற்று அடிக்கும்போது பச்சைத் திட்டுகள் கிழக்குக் கரையோரம் ஒதுங்கியிருக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்ததும் மெல்ல நகர ஆரம்பித்து, பொழுது சாய்வதற்குள் மேற்குக் கரையை அடைத்துக்கொண்டு நிற்கும். செடியை மட்டும் காற்று தள்ளுவதில்லை, செடி மிதக்கும் மேல்தண்ணீரையும் சேர்த்துத்தான் தள்ளுகிறது. அப்படியானால் நாள் முழுக்கத் தள்ளப்பட்ட தண்ணீர் எங்கே போகிறது? கரையில் யாரும் வெள்ளம் வந்து பார்த்ததில்லையே.

இந்தக் கேள்வியால் நேரடியாக அவதிப்படுகிறவர்கள் தூண்டில்காரர்கள். அதிலும் போட்டிக்குத் தூண்டில் போடுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். பிரிட்டனில் சின்னச் சின்னக் குளங்களில் ஞாயிற்றுக்கிழமை கிளப் போட்டிகள் நடப்பது நெடுநாள் வழக்கம். காலையில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு இடம் தருவார்கள். அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நாலைந்து மணி நேரத்தில் பிடித்த மீன்களைத் தண்ணீருக்குள்ளேயே நீளமான வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் எடை போட்டுவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். மொத்த எடை யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி. இங்கே மீன்வளத் துறையின் பொறுப்பிலுள்ள சேத்துப்பட்டு ஏரியில் 2016இல் பசுமைப் பூங்கா திறந்தபோது தூண்டில் போடவும் இடம் ஒதுக்கினார்கள். அந்த அளவு ஏரி ஒன்றில் இப்படியொரு போட்டி நடக்கிறது, காற்று பலமாக இருக்கிறது, உங்கள் சீட்டில் வந்த இடத்தை மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்வோம். ஏரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

காற்றின் வேகத்தில் ஏறக்குறைய நூற்றில் இரண்டு, மூன்று பங்கு வேகம் மேல்தண்ணீருக்குக் கிடைக்கும். காற்று மணிக்கு 20 கி.மீ. என்றால் மேற்பரப்பு மணிக்கு 400 முதல் 600 மீட்டர் நகரும். 300 மீட்டர் அகலமுள்ள ஏரியை அது அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். போய்ச் சேர்ந்த தண்ணீர் எதிர்க்கரையில் குவிகிறது. எவ்வளவு குவிகிறது என்றால், இரண்டு மீட்டர் ஆழமுள்ள அந்த ஏரியில் இரு கரைகளுக்கும் நீர்மட்ட வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அலையடிக்கும் நாளில் அதை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. ஆனால் தண்ணீருக்கு அந்தச் சரிவே போதும். மேலே காற்று தள்ளிக்கொண்டிருப்பதால் அந்த வழியில் திரும்ப முடியாது. அதனால் அடியில் இறங்கி, காற்று வந்த திசையை நோக்கியே திரும்பி ஓடுகிறது.

தரை சமமாகவும் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கலந்தும் இருக்கும் ஏரிக்கு இந்த ஓட்டத்தின் கணக்கு மிக அழகாக வரும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை தண்ணீர் காற்றோடு போகிறது. அதற்குக் கீழே எல்லாமே எதிர்த்திசை. மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் எதிரோட்டம் உச்சத்தில் இருக்கும். அங்கே அதன் வேகம் மேற்பரப்பு வேகத்தில் மூன்றில் ஒன்று. நம் இரண்டு மீட்டர் ஏரியில் மேலேயுள்ள 65 சென்டிமீட்டர் சொச்சம் மட்டும் ஒரு பக்கம், மீதி முழுவதும் மறுபக்கம். நிஜ ஏரியில் மேடு பள்ளமும் கோரையும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைக்கும். ஆனாலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஓட்டம் என்பது மாறாது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அலை வேறு, இந்த ஓட்டம் வேறு. 300 மீட்டர் தூரம் ஓடிவரும் அந்தக் காற்றால் 5 சென்டிமீட்டர் உயர அலையைத்தான் எழுப்ப முடியும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் ஒரு மீட்டர்கூட இடைவெளி இருக்காது. அந்த இடைவெளியில் பாதி ஆழத்துக்குப் போனால் அலையின் ஆட்டம் ஓய்ந்துவிடும். அதாவது 40 சென்டிமீட்டருக்குக் கீழே அலை என்பதே கிட்டத்தட்ட இல்லை. தக்கை குதிப்பதைப் பார்த்து எரிச்சலடைவதில் பயனில்லை, மீனை நம்மிடமிருந்து பிரிப்பது அது இல்லை.

பிரிப்பது நரம்புதான். தூண்டில் கம்பின் நுனியிலிருந்து தக்கை வரை 20 மீட்டர் நைலான் நரம்பு தண்ணீர்மேல் கிடக்கிறது. 0.2 மில்லிமீட்டர் தடிமன்தானே என்று தோன்றும். ஆனால் 20 மீட்டர் நீளத்துக்கு அதன் பக்கவாட்டுப் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர். தண்ணீர் காற்றைவிடக் கிட்டத்தட்ட 800 மடங்கு அடர்த்தியானது. மேல்தண்ணீர் நொடிக்கு 15 சென்டிமீட்டர் வேகத்தில் அதைத் தள்ளும்போது, தக்கை நகராமல் பிடித்திருந்தால், சில கிராம் எடைக்குச் சமமான இழுவை வரும். தக்கைக்குக் கீழே நாம் கோர்க்கும் ஈயமே மொத்தம் மூன்று நான்கு கிராம்தான். போட்டி சமமில்லை. நரம்பு முதலில் வில்லாக வளையும், பிறகு தக்கையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் நிற்கும் பையன் "தண்ணி இழுக்குதுண்ணா" என்பான். அவன் சொல்வது சரிதான். ஆனால் தண்ணீர் தக்கையை இழுப்பதைவிட நரம்பை இழுப்பதுதான் அதிகம்.

அதனால்தான் காற்று நாளில் முதல் வேலை நரம்பை மூழ்கடிப்பது. நைலானின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.14 மடங்கு. கணக்குப்படி அது தானாக மூழ்க வேண்டும். ஆனால் மூழ்குவதில்லை, காரணம் தண்ணீரின் பரப்பு இழுவிசை. கைப்பிசுக்கும் ரீலிலுள்ள எண்ணெயும் ஒட்டியிருந்தால் மேற்பரப்புப் படலத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும் கனம் மெல்லிய நரம்புக்குப் போதாது. பாத்திரம் கழுவும் சோப்பைத் துணியில் தொட்டு நரம்பைத் துடைத்தால் பிசுக்குப் போய்விடும், தண்ணீர் நரம்பைச் சுற்றி நனைக்கும், நரம்பு இறங்கும். போட்டிக்காரர்கள் ஏதோ ரகசியம்போலச் சொல்லும் இந்த வித்தைக்குப் பின்னால் இவ்வளவுதான் இருக்கிறது. பின்னல் நரம்புக்கு இது எடுபடாது. அதன் பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசு, 0.97தான். ஆகவே காற்று நாளில் தக்கையோடு பின்னல் நரம்பைப் போடுவது வேண்டாத வேலை. ஃப்ளூரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பின் அடர்த்தி 1.78, அது கல் மாதிரி இறங்கும்.

தக்கையைக் கட்டும் விதமும் மாறும். மேலும் கீழும் இரண்டு இடத்தில் பிடித்துக் கட்டினால் நரம்பு தண்ணீருக்கு மேலேயே நின்று காற்றை வாங்கும். கீழ் நுனியில் மட்டும் கோர்க்கும் நீளத் தக்கையை ஆங்கிலேயர்கள் வேக்லர் என்கிறார்கள். அதைப் பழைய நாளிலிருந்து மயிலிறகின் தண்டில்தான் செய்துவந்தார்கள். மயில் நம் ஊர்ப் பறவை, தக்கையின் புகழ் மட்டும் அவர்களுக்கு. கீழ் நுனியில் கோர்ப்பதால் நரம்பு தண்ணீருக்கு அடியிலிருந்தே தக்கைக்கு வருகிறது. குறி வைத்த இடத்தைத் தாண்டி நாலைந்து மீட்டர் கூடுதலாக வீசி, கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் முக்கி, வேகமாக ரீலைச் சுற்றினால் நரம்பு முழுவதும் கீழே போய்விடும். தக்கையின் உடம்பு நீளமாக இருந்தால் அதன் கீழ்ப்பகுதி மேலோட்டம் வலுவிழக்கும் ஆழத்தை எட்டும். ஈயத்தில் பெரும்பங்கைத் தூண்டில் முள்ளுக்குப் பக்கத்தில் இறக்கினால் அது எதிரோட்டத்துக்குள் நிற்கும். மேலே முன்னோக்கி ஒரு இழுப்பு, கீழே பின்னோக்கி ஒரு இழுப்பு. இரண்டும் ஏறக்குறைய ஈடாகும்போது, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் ஏரியில் ஒரு தக்கை மட்டும் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். முள்ளுக்கு மேலே ஒரு சாண் நரம்பைத் தரையில் படிய விட்டால் இன்னும் உறுதி.

மீனைக் கூட்டத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உருண்டையாகப் போடுகிறோமே, அது எங்கே போய்ச் சேரும்? ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும் என்றுதான் எல்லாரும் பயப்படுவார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஒரே வேகத்தில் இறங்கும் துகள் முதல் 65 சென்டிமீட்டரில் எவ்வளவு முன்னால் போகிறதோ, மீதி ஆழத்தில் அவ்வளவே பின்னால் வந்துவிடும். மேலே போகும் தண்ணீரின் அளவும் கீழே திரும்பும் தண்ணீரின் அளவும் ஒன்றாக இருந்தே தீர வேண்டுமல்லவா? அதனால் தீவனம் போட்ட இடத்துக்கு நேர் கீழேயே போய் விழும். நகர்ந்துபோவது நம் தக்கைதான். தீவனத்தில் மீன் மேய்ந்துகொண்டிருக்க, நம் முள் பத்து மீட்டர் தள்ளி வெறுந்தரையைத் துழாவிக்கொண்டிருக்கும். தக்கையின் வேகத்துக்கு ஈடாகத் தீவனத்தை முன்னால் வீசுகிறவர்கள் தவற்றின்மேல் இன்னொரு தவற்றைச் சேர்க்கிறார்கள்.

அப்புறம் மீன். "காற்று போகும் கரைக்கு மீன் போகும்" என்பது ஆங்கிலேயத் தூண்டில்காரர்களின் பழைய நம்பிக்கை. அவர்கள் ஊரில் இளஞ்சூடான காற்று மேல்தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கரை, குளிர்ந்த குளத்தில் கெண்டை மீனுக்கு இதமான இடம். அதைச் சென்னைக்கு அப்படியே எடுத்துவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. மே மாதத்தில் நம் மேல்தண்ணீருக்குச் சூடு போதவில்லை என்று எந்த மீனும் குறைப்பட்டுக்கொள்ளாது. இங்கே முக்கியம் ஆக்சிஜன். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். பாசி அடர்ந்த ஏரியில் இரவெல்லாம் எல்லா உயிரும் அதைச் செலவழிப்பதால் விடியற்காலையில் மிகக் குறைந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் அலை தட்டும் கரையில் தண்ணீர் காற்றோடு கலப்பதால் மீனுக்கு அங்கே மூச்சு விட முடியும்.

இதற்கு விலக்கும் உண்டு. கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் பெருகும் நீலப்பச்சைப் பாசி தன் செல்களில் காற்றுப் பைகளை வைத்துக்கொண்டு மிதக்கிறது. காற்று அதையும் அதே கரையில்தான் கொண்டுபோய்க் கூட்டும். அங்கே அது அழுகினால் இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். பச்சைப் பெயின்ட் கொட்டினதுபோல ஏடு படிந்த கரை சீட்டில் விழுந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லை.

எல்லா மீனும் ஒன்றுபோல நடந்துகொள்வதும் இல்லை. கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வாய்க்குள் வடித்துத் தின்பது, அதனால் மேலோட்டம் அதற்குச் சாப்பாட்டு வண்டி. ரோகு நடுமட்டத்தில் மேயும். மிரிகால் தரையைக் கிளறுவது, அதற்குக் கீழோட்டம்தான் கணக்கு. 1952இல் இந்தியாவுக்குள் வந்து இன்று சென்னையின் எந்தக் குட்டையிலும் கிடைக்கும் ஜிலேபி கெண்டை, தரையில் குழி பறித்து அதைக் காவல் காக்கும் காலத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இடத்தை விடாது. பூங்கா ஏரிப் போட்டியில் ஜெயிக்க ஆசைப்படுகிறவர் முதலில் இதைத்தான் நம்பலாம்.

அலையால் ஒரு நன்மை உண்டு. தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி விரிந்த ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். கரையில் நிற்கும் ஆள் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கித் தெரிவார். தண்ணீர் அலைந்தால் அந்த விளிம்பு துண்டு துண்டாகிவிடும். அமைதியான நாளில் கரைக்குப் பத்தடி தூரத்துக்குள் வராத மீன் காற்று நாளில் காலடியிலேயே மேயும். இருபது மீட்டர் வீசி நரம்போடு மல்லுக்கட்டுவதைவிட, ரீல் இல்லாத நீளக் கம்பைப் பிடித்துக் கரையோரம் போடுவது பல நாள் புத்திசாலித்தனம்.

காற்று இன்னும் வலுத்தால் மேல்தண்ணீரில் நுரை நீள நீளமான கோடுகளாக, காற்றின் திசையிலேயே வரிசை கட்டும். அட்லாண்டிக்கில் பயணம் செய்தபோது கடற்பாசி இப்படி வரிசையாகக் கிடப்பதைக் கவனித்த அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர், நியூயார்க் மாகாணத்தின் ஜார்ஜ் ஏரியில் சோதனை செய்து 1938இல் விளக்கம் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1932இல், வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கியவர் அவர். காற்றின் திசையில் படுத்துக்கிடக்கும் உருளைகளாகத் தண்ணீர் சுழல்கிறது. பக்கத்துப் பக்கத்து உருளைகள் எதிரெதிராகச் சுழல, இரண்டு நீரும் கூடிக் கீழிறங்கும் கோட்டில் நுரையும் மிதக்கும் இரையும் சேருகின்றன. கட்லாவுக்காகத் தூண்டில் போடுகிறவர் தேட வேண்டியது அந்தக் கோட்டை.

சென்னையில் காலையில் தொடங்கி மதியம் தாண்டும் போட்டி என்றால் இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. நிலம் சூடாகி அதன்மேலுள்ள காற்று எழும்ப, கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. மேற்குக் காற்று வலுத்த ஜூன், ஜூலையில் அது தாமதமாகி மதியத்துக்குப் பிறகுதான் நுழையும். நடுவில் கொஞ்ச நேரம் இலை அசையாது. அப்போது தக்கை எங்கே போவது என்று தெரியாமல் திண்டாடும், காரணம் தள்ளுகிற காற்று நின்றும் தண்ணீரின் ஓட்டம் உடனே நின்றுவிடாது. பிறகு கடல்காற்று பிடித்ததும் மேலோட்டமும் கீழோட்டமும் திசையை மாற்றிக்கொள்ளும். காலையில் ஈயத்தை எங்கே வைத்தோம், தீவனத்தை எங்கே போட்டோம் என்பதை அப்போது மறுபடி யோசிக்க வேண்டும். வலைப்பையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. காற்று ஓய்ந்த வேளையில் பைக்குள் தண்ணீர் ஓட்டமில்லாமல் தேங்கும். 30 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் பை சுருண்டு கிடந்தால் முதலில் துவளுவது கட்லாதான். பையை முழு நீளத்துக்கும் விரித்து, கரையை விட்டுத் தள்ளி ஆழமான இடத்தில் இறக்கி வைத்தால் எடை போடும்வரை தாங்கும்.